மூக்குக்கண்ணாடி ஐடர் வாத்து

வட துருவத்தையடுத்த கடல்களில் வாழும் ஐடர் வாத்துகள் நால்வகைப்படும். அவற்றுள் ஒன்றன் ஆணுக்கு, இளம்பச்சைத் தலையில் கண்களைச் சுற்றிக் கறுப்பு விளிம்பிட்ட வெண்ணிற வட்டங்கள் உண்டு. மூக்குக்கண்ணாடி அணிந்தாற்போன்ற இத்தோற்றமே அதன் பெயருக்குக் காரணம். இப்பெயர் மொழிபெயர்ப்பில் வேடிக்கைக்காக நாம் சூட்டியதன்று. பழுப்பு நிறப் பெட்டைக்கும் வெளிறிய கண்ணாடி உண்டு.

இவ்வினத்தில் பெரும்பாலானவை சைபீரியாவின் வடகரையில் முட்டையிடுகின்றன. எஞ்சியவை அலாஸ்காவின் வடகரையையும், அதன் மேற்கே யூக்கான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தையும் நாடுகின்றன. சிறு குளங்களின் ஓரத்தில், தன் மார்பின் மென்தூவியைப் பரப்பி, பெட்டை ஏறக்குறைய ஐந்து முட்டைகளிட்டு 24 நாட்கள் அடைகாக்கும். அடைகாத்தல் தொடங்கியதும் ஆண் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. குஞ்சுகள் பறக்கும் பருவம் எய்தும்வரை தாயுடன் அக்குளங்களிலேயே இரை தேடும்.

1970-களுக்கும் 1990-களின் தொடக்கத்துக்கும் இடையே, மேற்சொன்ன கழிமுகத்தில் முட்டையிட வந்த பறவைகளில் நூற்றுக்கு 90 பங்குக்கும் மேல் குறைந்துபோயின. 1993-ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு இவ்வினத்தைச் சட்டப் பாதுகாப்புக்குரிய பட்டியலில் சேர்த்தது. வீழ்ச்சிக்கு ஒரே காரணம் கூறுதல் இயலாது. எனினும் ஒன்று ஐயமற நிலைநாட்டப்பட்டது, அதுதான் ஈயம். வேட்டைத் துப்பாக்கியினின்று சிதறிய ஈயச் சிறுகுண்டுகள் குளத்தடியில் படிந்துகிடக்கின்றன. சேற்றில் அவை ஆழப் புதைவதில்லை. மூன்றாண்டுக்குப் பின்னும் மேலடுக்கிலேயே இருக்கக் கண்டனர். இரை தேடும் வாத்து இவற்றை விழுங்குகிறது. அரைவைப்பையில் ஈயம் தேய்ந்து கரைந்து இரத்தத்தில் கலக்கிறது. ஆண் முன்னரே சென்றுவிடுவதால், இக்கேடு பெரிதும் தாயையும் குஞ்சையுமே சாரும். ஈயம் ஏறாத பெட்டைகளில் ஓராண்டில் ஏறத்தாழ நூற்றுக்கு 78 பிழைத்திருக்க, ஈயம் ஏறியவற்றில் 44 மட்டுமே பிழைத்தன என ஓர் ஆய்வு கணித்தது. நீர்ப்பறவை வேட்டையில் ஈயக் குண்டைப் பயன்படுத்துதல் 1991 முதல் அமெரிக்கா முழுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது. ஆயினும் முன்பு சிந்தியதைப் பொறுக்கியெடுக்க வழியில்லை. கழிமுகத்தில் வேட்டையை உணவுக்காக நம்பி வாழும் யூபிக் மக்களிடையே எஃகுக் குண்டின் பயனை எடுத்துரைப்பது களப்பணியாளர்களின் முக்கிய வேலையாயிற்று.

இவ்வளவு ஆராய்ந்தும், குளிர்காலத்தில் இவ்வாத்துகள் எங்கே தங்குகின்றன என்பது நெடுங்காலம் தெரியாமலேயே இருந்தது. சில பறவைகளின் உடலில், செயற்கைக் கோள்களுக்குக் குறிப்பு அனுப்பும் சிறு கருவிகளைப் பொருத்தினர். 1995-இல் அத்தகைய குறிப்பொன்றைப் பின்பற்றி விமானத்தில் சென்றோர், பேரிங் கடலில் செயின்ட் லாரன்ஸ் தீவுக்குத் தெற்கே, உறைபனியின் இடைவெளிகளில் வாத்துகள் நெருக்கமாகக் குழுமியிருக்கக் கண்டனர். பின்னர் எடுத்த கணக்கில் அவை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டிருந்தன.

அங்கே அவை 40 முதல் 70 மீட்டர் ஆழம்வரை மூழ்கி, கடலடி மட்டிகளைத் தின்கின்றன. பிறகு பனிக்கட்டியின்மேல் ஏறி இளைப்பாறுகின்றன. 2018, 2019-ஆம் ஆண்டுகளின் குளிர்காலங்களில் பேரிங் கடலில் பனி வழக்கத்தைவிட மிகக் குறைவாகவே உறைந்தது. ஏறி நிற்கக் கட்டியில்லாத பறவை இரவும் பகலும் நீரிலேயே மிதக்கவேண்டும். அதனால் இழக்கும் வெப்பத்தை ஈடுசெய்ய மேலும் பலமுறை அடியாழத்துக்கு மூழ்கவேண்டியதாகிறது.