வீடு ஒரு படப் புத்தகம்

சிறு குழந்தையிடம் வண்ணப் பென்சிலைக் கொடுத்து, “ஒரு வீடு வரை” என்று சொல்லிப் பாருங்கள். முக்கோணக் கூரை, ஒரு கதவு, இரண்டு சன்னல். பல நேரங்களில் ஒரு புகைபோக்கியும் வந்துவிடும். நம் தெருவில் காணாத புகைபோக்கி அயல்நாட்டுப் படப் புத்தகங்களிலிருந்து வந்தது. வீடு என்றால் என்ன என்பதைக் குழந்தை மனத்தில் பதிப்பதில் அத்தகைய புத்தகங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

அவற்றுள் புகழ்பெற்றது ‘தி லிட்டில் ஹவுஸ்’. அமெரிக்கப் பெண்மணி வர்ஜீனியா லீ பர்ட்டன் கதையெழுதிப் படமும் வரைந்து 1942-இல் வெளியிட்டார். 1943-இல் கால்டெகாட் பதக்கம் பெற்றது. கிராமத்துக் குன்றின்மேல் நிற்கும் சிறு வீட்டைச் சுற்றி நகரம் வளர்கிறது. ஆளில்லாமல் சன்னல்கள் உடைந்து வீடு வாடுகிறது. இறுதியில், கட்டியவரின் வழிவந்த பெண்ணொருத்தி அதை அடையாளம் கண்டு, பெயர்த்துச் சென்று மீண்டும் கிராமத்தில் குடியிருக்கிறாள்.

அதே 1942-இல் ஜப்பானியப் படைகள் பர்மாவைக் கைப்பற்றின. அங்கே தொழில் செய்து பொருளீட்டிய நகரத்தார் பலர் பெருஞ்செல்வத்தை இழந்தனர். பிழைப்புக்காகக் குடும்பங்கள் நகரங்களுக்குச் சென்றன. ஆத்தங்குடி போன்ற செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீடுகள் பல பூட்டிக் கிடந்தன. சில இடிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. பர்ட்டனின் கதை நமக்கும் அந்நியமன்று!

செட்டிநாட்டு வீட்டையே படப் புத்தகமாக்கினால் எப்படியிருக்கும்? முதல் பக்கம், வழிப்போக்கரும் அமரும் திண்ணை. அடுத்தது முகப்பு. பின்னர் வானம் தெரியும் வளவு. அதைச் சுற்றி, மணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும் ஓர் அறை. கடைசியில் அடுப்படி. காலடியில் ஆத்தங்குடிப் பூக்கல். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சு வைத்து, கையால் வண்ணம் ஊற்றி, மணலும் சிமெண்டும் இட்டு வார்த்து, நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சூளையில் சுடுவதில்லை, கண்ணாடியின் வழவழப்பே கல்லின் பளபளப்பு.

பிறர் வீட்டுத் தரைக்குப் பூ வார்க்கும் தொழிலாளியின் வீடு சிறியதாயிருக்கலாம். அவர் மகள் வரையும் வீட்டுக்கும் நம் புத்தகத்தில் ஒரு பக்கம் வேண்டும். தமிழில் ‘அகம்’ என்பது வீட்டையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். இல்லத்தின் பெருமை அறைகளின் எண்ணிக்கையில் இல்லை. நம் வரவை எதிர்நோக்கி உள்ளே ஒருவர் இருப்பதில் உள்ளது.

ஆகவே தோழியரே, இந்த விடுமுறையில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, நம் பாட்டிமார் பிறந்து வளர்ந்த வீட்டைப் பற்றி அவர்களிடம் கேட்டு, அறை அறையாக வரைவோம். ஓட்டு வீடாயினும் வாடகை வீடாயினும் வரைவோம். அவ்வீடு இன்று இல்லாமற் போயிருந்தாலும், நம் தம்பி தங்கையர் அதற்குள் சென்று வரட்டும்.