ரப்பருக்கு வயது உண்டு

மாடி வீட்டுக்குக் குடிவந்து ஆறு மாதமான பெண், நேற்றுச் சாயங்காலம் பால் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடிப்பக்கம் முழுக்கக் கரி. "தேய்க்கத் தேய்க்கப் பிடிக்குதுக்கா. அடுப்பு மஞ்சளா எரியுது. புதுசே வாங்கிடட்டுமா?" என்றாள். கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த அடுப்பாம். ஏழு வருடம்தான் ஆகிறது. அதைப் பழைய இரும்புக்குப் போட எனக்கு மனசு வரவில்லை. "அடுப்பு நல்லா ஆறினப்புறம் பர்னரைக் கழற்றி எடுத்துட்டு வா. அதுக்குள்ள டீ போட்டு வைக்கிறேன்" என்று அனுப்பினேன்.

அவள் கொண்டுவந்த பர்னரை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். சுற்றிலும் இருக்கிற துவாரங்களில் பாதிக்கு மேல் வெளிச்சம் வரவில்லை. பேப்பர் விரித்துத் தட்டியதும், காய்ந்த கஞ்சி பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. தினமும் சோறு பொங்கி வழிகிற அடுப்பில் இது சேரத்தான் செய்யும்.

குமிழுக்குப் பின்னால் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் திருகு இருக்கிறது. அதன் துளை ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அதன் வழியாக கேஸ் சீறிக்கொண்டு வரும்போது, பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் போகிறது. இரண்டும் அங்கே கலந்து பர்னருக்கு வந்தால் சுடர் நீலமாக நிற்கும். துவாரம் அடைத்தாலோ, அந்தக் குழாயின் வாயில் சிலந்தி கூடு கட்டினாலோ காற்று போதாது. எரியாமல் மிஞ்சுகிற கரி மஞ்சளாக ஒளிர்ந்து, பாத்திரத்தின் அடியில் போய் ஒட்டுகிறது. கரியோடு கார்பன் மோனாக்சைடும் வரும்; அதற்கு வாசனையே கிடையாது. அதனால், கரி பிடிப்பதைப் பாத்திரம் தேய்க்கிற கஷ்டமாக மட்டும் நினைக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் பொங்கி விழுந்தால் சுடர் கொஞ்ச நேரம் ஆரஞ்சாகத் தெரியும், அது தானே அடங்கிவிடும். தினமும் மஞ்சளாக எரிந்தால்தான் கவனிக்க வேண்டும்.

பித்தளை பர்னராக இருந்தால் புளி போட்டு ஊறவைத்துத் தேய்க்கலாம். அலுமினியத்தில் செய்ததை சோடா உப்பில் ஊறவைத்தால் அரித்துவிடும். சாதாரண சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். துவாரத்தை ஊசியால் குத்தி எடுக்கலாம். ஜெட்டை மட்டும் ஊசியால் குத்தவே கூடாது. அந்தத் துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் கேஸ் அதிகமாக வரும், சுடர் இன்னும் கெட்டுப்போகும். குழாய் கேஸ் வந்திருக்கிற அடுக்ககத்துக்குக் குடிபோகிறவர்களுக்கும் இதைச் சொல்ல வேண்டும். அந்த வாயுவுக்கு ஜெட்டின் துளையே வேறு அளவு. இணைப்பு கொடுக்க வருகிறவரிடம் சொல்லி மாற்றித்தான் பற்றவைக்க வேண்டும்.

அவளுடைய பர்னரைக் கழுவினால் மட்டும் போதாது என்பது மூடியை வைத்துப் பார்த்ததும் தெரிந்தது. விளிம்பு தேய்ந்து, ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் ஆடியது. அந்த இடைவெளியில் சுடர் கீழே இறங்கும். மாற்றத்தான் வேண்டும். பிராண்ட் பெயரைச் சொல்லி பர்னர் கேட்டால் சரியானது கிடைக்காது. ஒரே கம்பெனியிலேயே சின்னது, நடுத்தரம், பெரியது என்று உண்டு. மாடலுக்கு மாடல் அடிப்பாகமும் மாறும். பழைய பர்னரை அப்படியே பையில் போட்டு எடுத்துப்போக வேண்டும். அடுப்பைக் கவிழ்த்தால் கீழே மாடல் எண் ஒட்டியிருக்கும், அதை போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். முதலில் கம்பெனியின் சர்வீஸ் சென்டர். அங்கே இல்லையென்றால் ஸ்டவ் ரிப்பேர் கடை. கடையிலேயே பழையதன் மேல் புதியதை வைத்துப் பாருங்கள், மூடி ஆடாமல் உட்கார வேண்டும். கையில் எடுத்தால் கனமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

குமிழ் உடைந்தால் பலர் மாற்றுவதே இல்லை. குறடு வைத்துத் திருப்பிச் சமைக்கிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்கும். எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் அந்தக் குறட்டை எங்கே தேடுவது? பழைய குமிழைக் கொண்டுபோனால் அரைவட்டத் துளை பொருந்துகிறதா என்று பார்த்து வாங்கிவிடலாம். குமிழ் இறுகிப்போனால், மெக்கானிக் உள்ளே பிரித்து அதற்கென்று உள்ள கிரீஸ் தடவிச் சரிசெய்வார். வீட்டிலிருக்கிற தேங்காயெண்ணெயை அங்கே விடக் கூடாது.

ரெகுலேட்டர் மட்டும் கடையில் வாங்குகிற சாமானே அல்ல. அது டெபாசிட் கட்டி ஏஜென்சியிடம் வாங்கியது, கெட்டுப்போனால் அங்கேதான் கொடுத்து மாற்ற வேண்டும். சிலிண்டருக்குள் பல மடங்கு அழுத்தத்தில் இருப்பதை அடுப்புக்கு ஏற்ற மெல்லிய அழுத்தமாகக் குறைத்து அனுப்புவது அதுதான். அதைப் பிரித்துப் பார்க்கிற ஆசையே வரக் கூடாது.

பர்னரும் பாத்திரம் வைக்கிற தாங்கியும் வருடக் கணக்கில் உழைக்கும். கெட்டுப்போனாலும் கண்ணுக்குத் தெரிந்தே கெடும். சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வருகிற ரப்பர் டியூப் அப்படியில்லை. வெளியே நன்றாகத் தெரியும், வளைத்துப் பார்த்தால்தான் நுணுக்கமான வெடிப்பு தெரியும். என் அம்மா வீட்டில் ஒரு முறை டியூப்பை எலி கடித்துவைத்தது. விடியற்காலையில் காபி போட வந்த அம்மா, நாற்றம் அடித்ததும் விளக்கைக்கூடப் போடாமல் கொல்லைக் கதவைத் திறந்துவிட்டு வெளியே ஓடிவந்தாள். அந்தப் பதற்றம் எனக்கு இன்னும் போகவில்லை. அதனால்தான் உள்ளே எஃகுக் கம்பி வைத்த ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூப்பைத்தான் வாங்கச் சொல்கிறேன். அதன் ஆயுள் ஐந்து வருடம். தயாரித்த மாதமும் வருடமும் டியூப்பின் மேலேயே அச்சாகியிருக்கும். இரண்டு முனையையும் பாருங்கள். மேடைக் கருங்கல்லில் ஓட்டை போட்டு டியூப்பை இறக்கியிருந்தால், கல்லின் விளிம்பு உரசுகிற இடத்தைக் கட்டாயம் பாருங்கள். நீளம் ஒன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டு துண்டை இணைத்துப் போடவும் கூடாது.

சிலிண்டர் வாயின் உள்ளே கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வாஷர் என்போம். சிலிண்டர் போடுகிற தம்பி வெள்ளை மூடியைக் கழற்றியதும் அந்த வளையம் இருக்கிறதா, வெடிக்காமல் இருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்ல வேண்டும். அவசரம் என்றாலும் ஒரு நிமிடம் நிற்கச் சொல்லுங்கள், தப்பில்லை. அந்த மூடியை நூலை அறுத்துத் தூக்கிப் போடாதீர்கள். வாயில் கசிந்தால் உடனே அடைப்பதற்கு அதுதான். சிலிண்டரின் மேல் வளையத்தின் பட்டையில் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். A என்றால் மார்ச், B ஜூன், C செப்டம்பர், D டிசம்பர். C-27 என்று இருந்தால் 2027 செப்டம்பர் வரை. தேதி போன சிலிண்டரை வாங்காதீர்கள்.

கசிவைத் தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது. சோப்பு நுரையை இணைப்புகளில் தடவினால் போதும். கசிந்தால் முட்டை முட்டையாகக் குமிழி வரும்.

நாற்றம் வந்துவிட்டால் ரெகுலேட்டரை மூடுங்கள். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்த்துத்தான். இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாகப் பரவும். அதனால் உயரத்தில் இருக்கிற ஜன்னலை மட்டும் திறந்தால் போகாது, கதவைத் திறந்துவிட வேண்டும். உண்மையில் அதற்கென்று வாசனையே இல்லை. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்றுதான் அந்த நாற்றத்தையே சேர்க்கிறார்கள். எல்லாரும் வெளியே வந்தபிறகு 1906-க்குக் கூப்பிடுங்கள். ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. அவள் ஒரே மடக்கில் குடித்துவிட்டு, பர்னரைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு மேலே போனாள். ஐந்து நிமிடத்தில் படியிலிருந்து குரல் வந்தது.

"அக்கா, டியூப்ல மார்ச் 2019-ன்னு போட்டிருக்கு!"

"ரெகுலேட்டரை மூடிட்டு வா. ராத்திரிச் சாப்பாடு எல்லாருக்கும் இங்கதான்" என்றேன்.