கண்டகி பாயும் நேபாளம்

கடலூரை அடுத்த திருவஹீந்திரபுரத்தையும் தில்லைத் திருச்சித்திரகூடத்தையும் பாடிய திருமங்கையாழ்வார், இமயத்திலுள்ள திருச்சாளக்கிராமத்தையும் மங்களாசாசனம் செய்தருளினார். இன்று முக்திநாத் என வழங்கும் அத்திருத்தலம் விளங்கும் நாடு நேபாளம். 108 திவ்ய தேசங்களுள் அந்நாட்டில் அமைந்தது இது ஒன்றே.

தெற்கே தராய்ச் சமவெளி, நடுவே குன்றுகள், வடக்கே பனிமலைகள் எனப் படிப்படியாக உயரும் நாடு இது. உலகின் மிக உயர்ந்த எவரெஸ்ட் சிகரம் இதன் வட எல்லையில் நிற்கிறது. 2008-இல் மன்னராட்சி நீங்கிக் குடியரசாயிற்று. தலைநகர் காத்மாண்டுவில், பாக்மதிக் கரையில் பசுபதிநாதர் முகலிங்கமாக எழுந்தருளியுள்ளார். அவருக்குப் பூசை செய்வோர் தென்னகத்துப் பட்டர்கள். சீதாப்பிராட்டியின் மிதிலையாகப் போற்றப்படும் ஜனக்பூர் தராய்ப் பகுதியில் உள்ளது.

முஸ்தாங் மாவட்டத்தில், ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் உள்ளது முக்திநாத். சந்நிதியைச் சூழ்ந்து 108 தாரைகளில் பனிநீர் விழுகிறது. பௌத்தரும் இங்கு வந்து வணங்குகின்றனர். அவ்வுயரத்தில் மூச்சுத் திணறக்கூடும். ஆதலின் முதியோர் மருத்துவரைக் கலந்தே புறப்பட வேண்டும். வழியில் ஜோம்சோமில் ஓரிரவு தங்கி மெல்ல ஏறுதல் நலம்.

பயணம் இயலாதோர் வருந்த வேண்டுவதில்லை. தலைமுறைகளாக நம் இல்லங்களில் திருமஞ்சனம் கண்டருளும் சாளக்கிராமம், அந்நாட்டுக் கண்டகி நதியில் தோன்றியதே. பிரதிஷ்டை வேண்டாமலே எம்பெருமான் அதில் நித்திய வாசம் செய்கிறான் என்பது பெரியோர் கொள்கை. ஒரு துளசி தளம் சாத்தி வணங்கினால், அங்கேயே திருச்சாளக்கிராமத்து எம்பெருமானின் சேவை கிட்டும்.