இரதியின் குரல்

மாசி மாத வளர்பிறையில், ஊவாத் தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் தப்பு முழங்கக் காமன் கூத்து ஆடப்படுகிறது. சிவபெருமானின் தவத்தைக் கலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிந்து சாம்பலாகும் கதை அது. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் அதனைக் கண்ட எனக்கு இனியதொரு வியப்புக் காத்திருந்தது.

கணவனைத் தடுக்கும் இரதி அறத்தை மட்டும் பேசவில்லை; அவனோடு கூடிய இன்பத்தையும் பேசினாள். அவன் சாம்பலானபின், தாலியை இழந்த துயரோடு தழுவலை இழந்த துயரையும் சேர்த்தே அழுதாள். முதியோரும் தாய்மாரும் கூடியிருந்த அவையில் ஒருவரேனும் தலைகுனியவில்லை.

இது நமக்குப் புதிதன்று. சங்கப் புலவர் வெள்ளிவீதியார் காமநோயை நாணாது பாடினார். காளிதாசன் குமாரசம்பவத்தின் 4ஆம் சருக்கத்தை இரதியின் புலம்பலுக்கே அளித்தான். ஏட்டிலே போற்றிவிட்டு வீட்டிலே நாம் வாய்மூடிய பொருளை, கல்வி நெடுங்காலம் எட்டாதிருந்த இம்மக்கள் கூத்திலே காத்து வந்திருக்கின்றனர்.

ஆயினும் ஒன்று நெஞ்சை உறுத்துகிறது. மரபுப்படி இரதி வேடம் பூணுபவர் ஆண்மகனே. பகலெல்லாம் கொழுந்து பறித்து, இரவில் பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் பிள்ளைகளோடும் மாமன் மாமியோடும் ஒடுங்கும் பெண்ணுக்குத் தன் விருப்பத்தைச் சொல்ல ஒரு மறைவிடமும் இல்லை. அவள் களரியின் ஓரத்தில் நின்று, தன் உள்ளத்தை ஆணின் குரலில் கேட்கிறாள். கூத்தைப் பயிற்றுவோர் அவ்வேடத்தைப் பெண்களுக்கும் அளிக்கட்டும். இரதி தன் குரலிலேயே பேசட்டும். அவை கேட்கக் காத்திருக்கிறது.