உயிர் பிழைத்த பிறகு



பக்கவாதம் வந்து பிழைத்த ஒருவரை ஆஸ்பத்திரியில் பார்த்து, கர்த்தருக்கு நன்றி சொல்லி ஜெபித்துவிட்டு வீடு திரும்புகிறோம். ஆனால் அவருக்கு மறுநாள் காலை எப்படி விடிகிறது? சட்டைப் பொத்தான் போட வேண்டும். குளியலறைவரை நடக்க வேண்டும். தேநீர்க் கோப்பையைச் சிந்தாமல் பிடிக்க வேண்டும். மறுவாழ்வு அறிவியல் தொடங்குவது அங்கேதான்.

அந்த வேலை நம் லவாலிலேயே நடக்கிறது. ஷொமெடியிலுள்ள யூத மறுவாழ்வு மருத்துவமனையில் சிகிச்சையோடு ஆராய்ச்சியும் உண்டு. பக்கவாதத்துக்குப் பின் கை ஏன் நினைத்தபடி நீள்வதில்லை, தெருவில் ஆட்களை விலக்கி நடப்பது ஏன் கடினமாகிறது என்று மக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே ஆராய்கிறார்கள். கணினித் திரையில் வீதியைக் காட்டி நடக்கப் பழக்கியும் பார்க்கிறார்கள்.

இந்தத் துறைக்கு வேலூரிலும் ஒரு வேர் உண்டு. டாக்டர் மேரி வர்கீஸ் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற இளம் மருத்துவர். 1954 ஜனவரியில் நடந்த வாகன விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, அவருடைய கால்கள் செயலிழந்தன. டாக்டர் பால் பிராண்ட் ஊக்குவிக்க, சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு நியூயோர்க்கில் ஹோவார்ட் ரஸ்கின் நிறுவனத்தில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று, வேலூர் திரும்பி அத்துறைக்குத் தலைமை தாங்கினார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் எழுந்தது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தான் பிழைத்ததோடு அவர் நிற்கவில்லை. அதற்கென்று மறுபடியும் மாணவியானார்.

சரி, இங்கே எப்படிப் படிப்பது? இரண்டு வழிகள் உண்டு. பிள்ளைகளும் பெற்றோரும் இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முதலாவது, தொழில் வழி. கியூபெக்கில் பிசியோதெரபிஸ்ட் அல்லது தொழில்வழிச் சிகிச்சையாளர் ஆக முதுகலைப் பட்டம்வரை படிக்க வேண்டும். செஜெப்பில் விஞ்ஞானம் முடித்து, மக்கிலில் மூன்று ஆண்டு இளங்கலையும் அதன்பின் தொழில்முறை முதுகலையும் பயிலலாம். மொன்றியல் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சில் பயிலலாம். அனுமதிப்பத்திரம் தருவது அந்தந்தத் தொழிலின் ஒழுங்குமுறை அமைப்பு. அதற்குப் பிரெஞ்சு அறிவு கட்டாயம்.

இரண்டாவது, ஆராய்ச்சி வழி. மறுவாழ்வு அறிவியலில் ஆய்வேட்டுடன் முதுகலை, பிறகு முனைவர் பட்டம். பொறியியல், உளவியல் போன்ற துறைகளிலிருந்தும் வரலாம். விண்ணப்பிக்குமுன் வழிகாட்டும் பேராசிரியர் ஒருவரைத் தேடி எழுதுங்கள். ஆனால் இந்தப் பட்டத்தை மட்டும் வைத்து நோயாளிக்குச் சிகிச்சை செய்ய முடியாது. வெளிநாட்டில் பிசியோதெரபி படித்துவிட்டு வந்தவர்கள் இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். தொழில் செய்வதே நோக்கமென்றால், அவர்கள் முதலில் அந்த அமைப்பிடம் பட்டச் சமநிலை கேட்க வேண்டும்.

நம் பிள்ளைகள் ஏன் இதை யோசிக்க வேண்டும்? பக்கவாதத்துக்குப் பின் பிற்காலத்தில் கற்ற மொழி நழுவி, தாய்மொழி மட்டும் மிஞ்சும் முதியவர்கள் உண்டு. கரண்டி பிடிக்க எவரும் பழக்கலாம். ஆனால் சோறு பிசைந்து உண்ணத்தான் அந்த அப்பம்மா ஆசைப்படுகிறார் என்பதை அவரிடம் தமிழில் கேட்டறிய ஒருவர் வேண்டும்.

திமிர்வாதக்காரனைக் கூரைவழியாக இறக்கிய நால்வரை ஞாயிறு பள்ளியிலேயே அறிவோம். படுக்கையைத் தூக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள். இன்றும் ஆட்கள் தேவை.