மலைப்பாம்பின் வண்ணமும் மனிதனின் ஆசையும்

பாலக்காட்டுக் கணவாயில் வீசும் காற்றுக்கு மாநில எல்லை தெரியாது. காட்டில் வாழும் உயிர்களுக்கும் அவ்வாறே. வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கங்களில் நெல்லும் தென்னையும் பயிரிட்டு வாழும் நம்மவர்க்கும், இடுக்கி மாவட்டத்தில் மறையூர்க் கரும்புத் தோட்டங்களிலும் குமுளி ஏலக்காடுகளிலும் உழைக்கும் நம்மவர்க்கும் மலைப்பாம்பு புதியதன்று. அண்டை வீட்டு மலையாளிகள் அதனைப் 'பெரும்பாம்பு' என்பர். நாம் மலைப்பாம்பு என்கிறோம். பெயர் இரண்டாயினும் பிராணி ஒன்றே.

அதன் மேனியை உற்று நோக்கியவர்கள் அறிவார்கள். வெளிறிய மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தின்மேல் கரும்பழுப்புத் திட்டுகள் ஒழுங்காக அமைந்திருக்கும். காய்ந்த சருகின்மேல் அது படுத்திருந்தால், நான்கு அடி தொலைவில் நிற்பவர்க்கும் கண்ணில் படாது. இரை தேடி ஓடும் வேகம் அதற்கு இல்லை, நஞ்சும் இல்லை. இரை தானாக அருகில் வரும்வரை மறைந்து கிடப்பதே அதன் தொழில். ஆகவே அந்த நிறம் வெறும் அழகன்று. அதுவே அதன் பிழைப்பு.

எப்பொழுதேனும் ஒரு முறை, இயற்கையில் வெண்ணிறப் பாம்பு ஒன்று பிறப்பதுண்டு. 2023ஆம் ஆண்டில் கோவைப் பகுதியில் வெண்ணிற நாகம் ஒன்று பிடிபட்டுப் பின்னர்க் காட்டில் விடப்பட்டது. இத்தகைய பாம்பைக் கண்டால், தெய்வத்தின் வடிவம் என்று கைகூப்புவோரும் உண்டு. பெருவிலை பெறும் பொருள் என்று கணக்கிடுவோரும் உண்டு. உண்மையில் நிகழ்வது யாது?

பாம்பின் கருமைக்கும் பழுப்புக்கும் காரணமாக இருப்பது மெலனின் என்னும் நிறப்பொருள். உடல் அதனை உண்டாக்குவதற்குரிய ஏற்பாடு, பெற்றோரிடமிருந்து வரும் மரபணுக்களில் அடங்கியுள்ளது. ஒவ்வொரு மரபணுவும் இரண்டு படிகளாக வருகிறது: தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. இரண்டில் ஒன்று பழுதாயினும், மற்றது வேலையைச் செய்துவிடும். குட்டி வழக்கமான நிறத்துடனேயே இருக்கும். இரண்டுமே பழுதாயின் மெலனின் உண்டாவதில்லை. கருமை மறைந்து, மஞ்சள் நிறப்பொருள் மட்டும் எஞ்சும்; கண் சிவந்து தோன்றும்.

இந்தக் கணக்கைப் பட்டாணிச் செடிகளைக் கொண்டு கண்டறிந்தவர் மெண்டல் என்னும் துறவி. அவர் தம் முடிவுகளை 1866ஆம் ஆண்டில் வெளியிட்டார். மலைப்பாம்புக்கும் அதே கணக்குத்தான். வெண்ணிறப் பாம்பையும் வழக்கமான பாம்பையும் இணைத்தால், பிறக்கும் குட்டிகள் எல்லாம் வழக்கமான நிறத்துடனேயே இருக்கும். ஆனால் ஒவ்வொன்றும் வெண்மைக்குரிய ஒரு படியை மறைவாகச் சுமக்கும். அவற்றில் இரண்டை இணைத்தால், சராசரியாக நான்கில் ஒன்று வெண்மையாகப் பிறக்கும். எஞ்சிய மூன்றில் இரண்டு, மீண்டும் அந்தப் படியை மறைவாகச் சுமக்கும். எந்த இரண்டு என்று கண்ணால் கூற இயலாது. வாங்குகிறவர் விற்கிறவரின் சொல்லை நம்பியே பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அண்மைக் காலத்தில், பாம்பு உரித்த சட்டையைச் சோதித்து இதனை அறியும் முறை வந்துள்ளது.

இந்தக் கணக்கை வணிகமாக்கியவர்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் உள்ள பாம்பு வளர்ப்போர். அவர்கள் பெரிதும் தேர்ந்துகொண்டது நம் நாட்டு மலைப்பாம்பை அன்று. மேற்கு ஆப்பிரிக்காவிலும் மத்திய ஆப்பிரிக்காவிலும் வாழும் ஒரு சிறிய இனத்தை. அது மூன்று முதல் ஐந்து அடி நீளம் வளரும்; அஞ்சினால் தலையை நடுவில் மறைத்துப் பந்துபோல் சுருண்டுகொள்ளும்; ஆதலால் பந்துப் பாம்பு என்று பெயர் பெற்றது. காட்டில் கிடைத்த வெண்ணிறப் பந்துப் பாம்பைக் கொண்டு, 1992ஆம் ஆண்டில் பாப் கிளார்க் என்னும் அமெரிக்கர் வெண்ணிறக் குட்டிகளைப் பொரிக்கச் செய்தார். பின்னர், வெள்ளைத் திட்டுகள் கொண்டவை, பொன்னிறம் மிகுந்தவை, கோடுகள் ஓடுபவை என வகைகள் பெருகின. இரண்டு வகைகளை இணைத்து மூன்றாவது வகை. அதனுடன் வேறொன்றைச் சேர்த்து நான்காவது வகை. இன்று அவ்வகைகள் ஆயிரக் கணக்கில் உள்ளன.

இதில் பொறுமை உண்டு, அறிவும் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அதற்கு விலை கொடுப்பது யார் என்று கேட்க வேண்டும். அரிய நிறம் விரைவில் வெளிப்பட வேண்டும் என்பதற்காகத் தாயையும் மகனையும், தந்தையையும் மகளையும் இணைப்பது இத்தொழிலில் வழக்கம். அப்பொழுது வேண்டிய நிறத்துடன் வேண்டாத குறைகளும் கூடிவரக்கூடும். 'சிலந்தி' என்று வளர்ப்போர் பெயரிட்ட வகையை எடுத்துக்கொள்வோம். சிலந்தி வலைபோல் மெல்லிய கோடுகள் பின்னிய அழகிய மேனி. 1999ஆம் ஆண்டு முதல் பெருகி வந்தது. ஆனால் அப்பாம்பின் தலை ஓயாமல் ஆடும். சில வேளை கழுத்து திருகி, வயிறு மேலாகப் புரளும். இரையைக் குறிபார்த்துப் பற்ற இயலாமல் தவிக்கும். உடல் தன் நிலையை உணர்வதற்குரிய உட்செவி அதில் சரியாக அமையவில்லை என்று ஆராய்ச்சி காட்டியுள்ளது. கோலத்தையும் குறையையும் தருவது ஒரே மரபணு. ஆகவே ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை நீக்க வழி இல்லை.

இந்த மோகம் கடல் கடந்து நம் பக்கமும் வந்திருக்கிறது. 2023 ஜூலையில் கோலாலம்பூரிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வந்த பயணி ஒருவரின் பெட்டியில் 47 மலைப்பாம்புகளையும் 2 பல்லிகளையும் சுங்க அதிகாரிகள் கண்டனர். அதே ஆண்டு செப்டம்பரில், பாங்காக்கிலிருந்து பெங்களூருக்கு வந்த பெட்டிகளில் பல வண்ணப் பந்துப் பாம்புகள் 55, கருநாகங்கள் 17, குரங்குகள் 6 இருந்தன. பாம்புகள் உயிருடன் இருந்தன; குரங்குகள் ஆறும் இறந்துகிடந்தன. கைப்பேசியில் வரும் வண்ணப் படத்தைக் கண்டு ஆசை கொள்ளும் இளைஞர்கள், அந்தப் படத்துக்குப் பின்னால் இத்தகைய பெட்டி ஒன்று இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சட்டம் என்ன கூறுகிறது? அயல்நாட்டுப் பந்துப் பாம்பு, 1973ஆம் ஆண்டில் உருவான வனவிலங்கு வாணிப உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. அத்தகைய பிராணியை உரிய அனுமதியின்றி நாட்டுக்குள் கொண்டுவரலாகாது. 2024 பிப்ரவரியில் வெளியான விதிகளின்படி, வைத்திருப்பவர் அதனைப் பதிவு செய்தாக வேண்டும். குட்டி பிறந்தாலும், கை மாறினாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

நம் நாட்டு மலைப்பாம்பின் நிலை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் அது இடம் பெற்றுள்ளது. அதனைப் பிடித்தல், அடைத்து வைத்தல், விற்றல், கொல்லுதல் யாவும் குற்றம். வெள்ளையாக இருந்தாலும் பழுப்பாக இருந்தாலும் ஒன்றே. தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாத, ஏழு ஆண்டு வரையிலான சிறை. அத்துடன் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். வேற்று மாநிலத்தில் கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துக்கு இத்தகைய வழக்கு ஒன்று வந்தால், அதன் பாரத்தைத் தாங்க இயலுமா? ஒரு நல்ல விலை கிடைக்கும் என்று ஆசை காட்டுகிற தரகர் நீதிமன்றத்துக்குத் துணை வரமாட்டார்.

ஆகவே வரப்பிலோ ஏலக்காட்டிலோ மலைப்பாம்பைக் கண்டால் செய்யத்தக்கது எளிது. விலகி நின்று, சிறுவர்களையும் நாயையும் ஆட்டையும் அப்பால் கொண்டுசெல்ல வேண்டும். தடியெடுக்க வேண்டா. நஞ்சில்லை என்றாலும் அதன் கடி ஆழமான காயம் உண்டாக்கும். பின் வனத்துறைக்குச் சொல்லியனுப்ப வேண்டும். பாம்பு மீட்போரை அழைப்பதற்கென்றே கேரள வனத்துறை 2020ஆம் ஆண்டில் 'சர்ப்ப' என்னும் கைப்பேசிச் செயலியை அமைத்துள்ளது. பயிற்சி பெற்றவர்கள் வந்து அதனைக் கொண்டுபோய்க் காட்டில் விடுவார்கள்.

மலைப்பாம்பின் வியப்பு அதன் நிறத்தில் மட்டும் இல்லை. முட்டையிட்ட தாய், அவற்றைத் தன் உடலால் சுற்றி வளைத்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு மாதம் காத்துக் கிடக்கும். குளிர் மிகும்பொழுது தன் தசைகளைத் துடிக்கச் செய்து, அந்தச் சூட்டினால் முட்டைகளைக் காக்கும். குளிர்ந்த இரத்தம் கொண்ட பிராணி, தன் மக்களுக்காகத் தானே வெப்பத்தை உண்டாக்குகிறது! வேலிக்கு அப்பால், சருகு மூடிய பாறையிடுக்கில் இது நடைபெறுகிறது. அந்தத் தாய் கண்ணில் படாமல் இருப்பதற்குத்தான் அந்தப் பழுப்பு நிறம். அதனை அங்கேயே, அவ்வாறே விட்டுவைப்பது நம் கடமை.