ரதி வேடம் ஏற்கும் மாணவன்

இலங்கையின் பதுளை, பசறை, ஹாலிஎல மலைச்சாரல்களிலுள்ள தேயிலைத் தோட்டங்களில், மாசி வளர்பிறையில் கம்பம் நட்டு, சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் மன்மதன் எரிந்த கதையைக் காமன் கூத்தாக ஆடிவரும் சம்பிரதாயம், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் உடன் கொணர்ந்த பெருஞ்செல்வம். இதில் மன்மதனின் மனைவி ரதியாக ஆட முன்வரும் பள்ளி மாணவனுக்கு முதல் உற்சாகம் எளிதாகவே வந்துவிடுகிறது. அது வடிந்த பின்னர், பகலெல்லாம் பாடசாலையில் கழித்து, இரவில் கூத்து மாஸ்டர் முன் நிற்கையில், தப்பு மேளத்தின் அடிக்குக் கால் ஒத்துவராமல் போகும் நாட்களே கடினமானவை. அப்பொழுது முழுக் கூத்தையும் நினைத்து மலைக்காமல், இன்றிரவுக்கு ஒரு பாட்டு, அதற்குரிய ஆட்டம் என்று லட்சியத்தைச் சுருக்கிக்கொள்வதே நலம் என்பது என் திடமான அபிப்பிராயம். குளிரில் தளர்ந்த தப்பின் தோலை நெருப்பில் காய்ச்சி முறுக்கேற்றும் சில நிமிஷங்களில்கூட, கொப்பியைப் பாராமல் அடுத்த வரியை உதட்டுக்குள் சொல்லிப் பார்க்கும் பையன் நிச்சயம் தேறிவிடுவான். காப்புக் கட்டி விரதம் ஏற்பதும் மகத்தான துணை. தோட்டமே அறிய ஒப்புக்கொண்ட வேஷத்தை இடையில் கைவிட மனம் துணியாது. நீண்ட பாடல்களை மனனம் செய்யும் இக்கலையைப் பெற்றோர் படிப்பின் சத்துருவாகக் கருதவேண்டாம். பரீட்சை நெருங்கினால், ஒத்திகையை வார இறுதிக்கு மாற்றித் தரும்படி மாஸ்டரிடம் கேட்க மாணவனும் கூசவேண்டியதில்லை.